எம்ஜிபி சூடேறினால் எதை மாற்றுவது: ரேடியேட்டரா, ஃபேனா, கூலன்டா?

வெப்ப மீட்டரின் ஊசி இயல்பைக் குறிக்கும் 'என்' எழுத்தைத் தாண்டிச் சூட்டைக் குறிக்கும் 'எச்' பக்கம் ஏறத் தொடங்கியதும், எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் உரிமையாளர் கை நேராக உதிரிபாகப் பட்டியலுக்குத்தான் போகிறது. அலுமினிய ரேடியேட்டர், எலெக்ட்ரிக் ஃபேன், 74 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வ், தண்ணீரே இல்லாத கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) என்று அங்கே நான்கு தீர்வுகள் காத்திருக்கின்றன. நான்கையுமே 'இனி சூடு தொல்லை இல்லை' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் நான்கும் ஒரே நோய்க்கான மருந்து அல்ல. அவற்றில் இரண்டு சூட்டைக் குறைப்பதே இல்லை. நோய் எது என்று பார்க்காமல் மருந்து வாங்கினால் காசு போகும், சூடு போகாது.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் உருவான இந்தக் காரில் இருப்பது 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின். பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. நம் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம் என்பதால், அதைக் கழற்றிப் பூட்டியவர்களுக்குக் கீழே வரும் பலதும் பழகிய விஷயமாகவே இருக்கும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: எம்ஜிபி இயல்பிலேயே சூடேறும் கார் அல்ல. கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வெயிலில் அன்றாடம் ஓடிய கார் இது. இன்று சூடேறுகிறது என்றால் ஏதோ ஒன்று அடைத்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது, அல்லது இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

முதல் கேள்வி: நிற்கும்போதா, ஓடும்போதா?

எதில் காசு போடுவது என்பதை முடிவு செய்வது இந்த ஒரு கேள்விதான். சிக்னலிலும் நெரிசலிலும் ஊசி ஏறி, வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் இறங்கினால் குறை காற்றோட்டத்தில். ஓடும் வேகமே காற்றைத் தள்ளிக்கொடுக்கிறது; நின்றால்தான் ஃபேன் தேவைப்படுகிறது. அங்கே ஃபேன், ஃபேன் பெல்ட், ரேடியேட்டரைச் சுற்றியுள்ள அடைப்புப் பட்டைகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மாறாக, நகருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையில் 90, 100 கிலோமீட்டரில் மெல்ல மெல்ல ஏறி, வேகம் குறைத்ததும் இறங்கினால் ஃபேனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம், கீழ் ஹோஸ் பம்பின் இழுப்பில் ஒட்டிக்கொள்ளலாம், தீப்பொறி விழும் நேரமான டைமிங் பின்தங்கியிருக்கலாம், பெட்ரோல்-காற்று மிக்ஸ்சர் மெலிந்திருக்கலாம். இப்படி ஓடும்போது சூடேறும் காருக்கு எலெக்ட்ரிக் ஃபேன் போடுவது வீண். அதைக் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டரின் முன்பக்கம் மாட்டினால் நெடுஞ்சாலைக் காற்றையும் மறைத்து நிலைமையை மோசமாக்கும்.

மூன்றாவது வகை, நின்றாலும் ஓடினாலும் சூடேறுவது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல் இறுகுகிறதா, மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பினால் விடாமல் குமிழ் வருகிறதா, எங்கும் ஒழுகாமலேயே தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிற ரசாயனத் திரவம் மஞ்சளாக மாறினால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்பது உறுதி. இந்த இன்ஜினில் 2, 3 சிலிண்டர்கள் நடுவில் ஒரே எக்ஸாஸ்ட் போர்ட்டைப் பகிர்கின்றன. ஹெட்டிலேயே அதிகம் வேகும் இடம் அதுதான்; விரிசல் விழுவதும் பெரும்பாலும் அங்கே, வால்வ் சீட்டுகளுக்கு இடையில். ஹெட்டைக் கழற்றினால் அந்த இடத்தைச் சோதிக்காமல் புது கேஸ்கெட் வைத்து மூட வேண்டாம். ஹெட் நட்டுகளுக்கு 45 முதல் 50 பவுண்டு-அடி டார்க், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று நான்கு சுற்றில்.

இதற்கெல்லாம் முன்னால் மீட்டரையே நம்பலாமா என்றும் பார்த்துவிட வேண்டும். மீட்டர் இரண்டு வகை. பழைய வகையில் ஆயில் பிரஷரும் வெப்பமும் ஒரே வட்டத்தில் இருக்கும். மெல்லிய தந்துகிக் குழாய் ஹெட் வரை போகும். அதன் முனையில் வெப்பத்தை உணரும் உலோகக் குமிழைக் கொதிநீரில் முக்கிப் பார்த்தால் 100 டிகிரியில் ஊசி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் துருப்பிடித்துச் சிக்கிய குமிழை ஸ்பேனர் போட்டுத் திருகினால் குழாய் முறுகி அறுந்து, மீட்டர் அதோடு முடிந்தது. நட் மட்டும் சுற்றுகிறதா, குழாயும் சேர்ந்து சுற்றுகிறதா என்று கவனித்துக்கொண்டே கழற்றுங்கள். மின்சார வகை மீட்டருக்கு 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று உண்டு. அது கெட்டாலோ அதன் எர்த் விட்டாலோ வெப்ப மீட்டரும் பெட்ரோல் மீட்டரும் சேர்ந்தே அதிகமாகக் காட்டும். டேங்க் பாதியாக இருக்கும்போது பெட்ரோல் ஊசியும் நிறைய என்று காட்டினால் இன்ஜினை விட்டுவிட்டு ஸ்டெபிலைசரைப் பாருங்கள்.

கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது இந்த வேலைக்குப் பெரிய உதவி. பளபளக்கும் உலோகத்தில் அது குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டு அளக்க வேண்டும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் ஓர் அளவு, ரேடியேட்டரின் மேல் டேங்கில் ஒன்று, கீழ் டேங்கில் ஒன்று, பிறகு ரேடியேட்டர் முகம் முழுக்க நிதானமாக ஒரு வலம். முகத்தில் குளிர்ந்த திட்டுகள் தெரிந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன.

காசில்லாமல் முடியும் வேலைகள்

ஒப்பிடும் முன் இவற்றை முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் புதுப் பாகத்தின் பலனையும் அளக்க முடியாது.

தண்ணீர் மட்டம் முதலில். விரியும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க் இல்லாத பழைய கார்களில் வாய்வரை நிரப்பக் கூடாது. குளிர்ந்த நிலையில் கழுத்துக்கு 25 மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். வாய்வரை ஊற்றினால் சூட்டில் விரியும் தண்ணீர் வெளியே வழியத்தான் செய்யும். வழிந்ததைப் பார்த்து 'கொதிக்கிறது' என்று நினைத்து மறுபடி நிரப்புவதும், அது மறுபடி வழிவதுமாக, நோயே இல்லாத காருக்கு வைத்தியம் நடப்பது உண்டு.

மூடியில் இரண்டு விஷயம். ரப்பர் பம்பர் வருவதற்கு முந்தைய, பெரும்பாலான குரோம் பம்பர் கார்களுக்கு 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம்) மூடி போதும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர் ஏறக்குறைய 115 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி கெட்டு அழுத்தம் நிற்காவிட்டால் அது 100 டிகிரிக்கு வந்துவிடும். மீட்டரில் ஊசி எப்போதும் நிற்கும் இடத்திலிருந்து வெகுதூரம் போகாமலேயே ஆவி கிளம்பும். இன்னொன்று, கழுத்தின் ஆழம். 1 அங்குல ஆழக் கழுத்தும் உண்டு, முக்கால் அங்குலமும் உண்டு. ஆழமான கழுத்தில் குட்டை மூடியைப் போட்டால் மேலே இறுக மூடியது போலத் தெரியும், உள்ளே வாஷர் சீட்டைத் தொட்டிருக்காது. அழுத்தம் கூடிய மூடி சூட்டைக் குறைக்காது, கொதியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். 50 வருட ஈயப் பற்றவைப்பும் ஹீட்டர் கோரும் (சூடு கடத்தும் குழாய்த் தொகுதி) அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குமா என்று யோசித்துத்தான் 13 பி.எஸ்.ஐ.க்குப் போக வேண்டும்.

ஃபேன் பெல்ட்டின் நீண்ட பகுதியை விரலால் அழுத்தினால் 13 மில்லிமீட்டர் அமிழ வேண்டும். கீழ் ஹோஸை, ஒருவர் இன்ஜினை நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு முடுக்க இன்னொருவர் பார்க்க வேண்டும்; பக்கங்கள் உள்ளே இழுபட்டால் ஹோஸை மாற்றி, உள்ளே சுருள் கம்பி இருக்கும் ஹோஸாகப் போடுங்கள்.

டைமிங் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். தீப்பொறி தாமதமானால் எரிதல் எக்ஸாஸ்ட் வால்வ் திறக்கும் நேரம் வரை நீண்டு, பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு போர்ட்டின் சுவர் வழியாகத் தண்ணீரில் இறங்குகிறது. அறுபதுகளின் தொடக்க இன்ஜின்களுக்கு நிலையான டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வரும் மேல் மையத்துக்கு 10 டிகிரி முன்னால். பிற்கால 18 வி இன்ஜின்களில் எண் மாறும்; பிளாக்கில் அடித்த இன்ஜின் எண்ணைப் பார்த்து அதற்குரிய அளவை வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள்: உள்ளே தட்டு நகர வேண்டும், உறிஞ்சியது நிற்க வேண்டும். காற்று ஓடிவந்தால் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது. சீராக ஓடும்போது தீப்பொறிக்குக் கிடைக்க வேண்டிய முன்னேற்றம் அப்போது கிடைக்காது. நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறும் கார்களில் இது அடிக்கடி தப்பிவிடும் காரணம்.

பிளாக்கைக் கழுவுவதா, ரேடியேட்டரை மாற்றுவதா?

எங்கள் கணிப்பில் இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான ஒப்பீடு இதுதான். புது ரேடியேட்டர் கண்ணுக்குத் தெரியும். பிளாக்கின் பின்புறம், 4-ஆவது சிலிண்டரைச் சுற்றி இறுகிக் கிடக்கும் துருச் சேறு தெரியாது. தண்ணீர் பம்ப் முன்னால் இருக்கிறது. பின் மூலையில் ஓட்டம் மிக மெதுவாக இருக்கும். பல ஆண்டுகள் வெறும் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ ஊற்றி ஓட்டிய காரில் அந்த மூலை களிமண் பூசியது போல் இருக்கும். ரேடியேட்டர் எவ்வளவு பெரியதானாலும் சேற்றுக்குப் பின்னால் இருக்கும் இரும்பின் சூடு அதுவரை வந்து சேராது. அதுமட்டுமல்ல, கழுவாத பிளாக்கோடு புது ரேடியேட்டரை இணைத்தால் அந்தத் துரு ஒரே பருவத்தில் புதுக் குழாய்களில் போய் உட்காரும்.

பிளாக்கின் பின்பக்கம் வடிகால் குழாய் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து ஒன்றுமே வரவில்லை என்றால் தண்ணீர் இல்லை என்று பொருளல்ல; சேறு அடைத்திருக்கிறது. குழாயை முழுக்கக் கழற்றிவிட்டு ஓட்டைக்குள் கடினமான கம்பியை விட்டுக் குத்தினால் முதலில் பழுப்புக் கூழ் வரும், பிறகு ஓடத் தொடங்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, மேலே இருந்து தோட்டக் குழாயால் தெளிவாக வரும்வரை அடிக்க வேண்டும். துரு கெட்டியாக இருந்தால் லிட்டருக்கு 50 கிராம் வீதம் சிட்ரிக் அமிலம் கரைத்து நிரப்பி, 80 டிகிரி வரை ஏற்றி, கால் மணி நேரம் ஓடவிட்டு, சூடு தணிந்ததும் வடித்துவிடலாம். மொத்தக் கொள்ளளவு ஹீட்டரோடு சேர்த்து 6 லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால் 300 கிராம் போதும். பிறகு நான்கைந்து முறை நல்ல தண்ணீர். நடுவில் ஒரு முறை சமையல் சோடா கரைத்த தண்ணீர். அமிலம் துருவைத் தின்னும்போது, துரு மட்டுமே பிடித்துக்கொண்டிருந்த நுண் ஓட்டைகளும் திறக்கும். ஹீட்டர் கோர் ஒழுகத் தொடங்கினால் அமிலத்தைக் குறை சொல்ல வேண்டாம். அது ஏற்கெனவே ஓட்டைதான். அலுமினிய ரேடியேட்டர் மாட்டியிருந்தால் அதைத் தனியே கழற்றிவைத்துவிட்டுத்தான் இந்த வேலை.

தெர்மோஸ்டாட் ஹவுசிங் அலுமினியம், அதைப் பிடிக்கும் மூன்று ஸ்டட்களும் எஃகு. இரண்டும் துருவால் ஒன்றாகிவிடும். இரண்டு நாள் துரு நீக்கி எண்ணெயில் ஊறவிட்டு, சூடுகாட்டி, ஹவுசிங்கை லேசாகத் தட்டித் தளர்த்த வேண்டும். அவசரத்தில் ஸ்டட் உடைந்தால் ஹெட்டில் துளையிட்டு எடுக்க வேண்டிவரும்.

கழுவிய பிறகும் ரேடியேட்டர் முகத்தில் குளிர்த் திட்டுகள் இருந்தால் மூன்று வழி உண்டு. டேங்குகளைப் பிரித்துக் கம்பி விட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்வது மலிவு. குழாய்களும் அவற்றின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் மெல்லிய தகட்டுத் துடுப்புகளும் இன்னும் ஒட்டியிருந்தால் மட்டும் பயன். துடுப்பை விரல் நகத்தால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தால் அங்கே குழாய்க்கும் துடுப்புக்கும் இடையிலான ஈயப் பிணைப்பு போய்விட்டது. எத்தனை முறை கம்பி விட்டாலும் சூடு காற்றுக்குக் கடக்காது.

அப்போது ரீகோர். பழைய பித்தளை டேங்குகளை வைத்துக்கொண்டு புதுச் செம்பு-பித்தளைக் கோர் போடுவது. கார் பார்வைக்கு மாறாது, எந்த ஊர்ப் பட்டறையிலும் பற்றவைக்கலாம், மவுண்டிங் துளைகள் அப்படியே பொருந்தும். சாதாரண நகர், நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு இதையே முதலில் சொல்வோம். 'நான்கு வரிசைக் கோர் போடுங்கள்' என்ற பேச்சுக்கு உடனே தலையாட்ட வேண்டாம். கோர் தடிமனானால் காற்று புகுவது கடினம். மெதுவாகச் சுற்றும் பழைய மூன்று இறக்கை ஃபேன் அதற்குள் காற்றை இழுக்கத் திணறும். நெடுஞ்சாலையில் லாபம், சிக்னலில் நஷ்டம்.

அலுமினிய ரேடியேட்டர் இலகு. குழாய்கள் அகலமாக இருப்பதால் துடுப்போடு உரசும் பரப்பு கூடுகிறது. செம்பு அலுமினியத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் பழைய கோரில் குழாய் பித்தளை, பிணைப்பு ஈயம், துடுப்பு மட்டுமே செம்பு. அதனால் நடைமுறையில் நல்ல அலுமினியக் கோர் அதற்குச் சளைத்ததல்ல. போட்டியில் ஓட்டுபவர், இன்ஜினைப் பெரிதாக்கியவர் ஆகியோருக்கு இது சரியான தேர்வு. மற்றவர்கள் இதன் நிபந்தனைகளை ஏற்கத் தயாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நேராக போல்ட் போட்டு இறுக்கினால் பாடியின் அதிர்வில் ரேடியேட்டரைப் பொருத்தும் காதுகள் விரியும்; ரப்பர் வாஷர் அவசியம். பட்டறையில் சாதாரணமாகப் பற்றவைக்க முடியாது. எல்லாவற்றையும்விட, திசைமாறிய மின்னோட்டம் அதை அரித்துத் துளைக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கூலன்ட்டில் முக்கி, மற்றதைப் பேட்டரியின் எர்த் முனையில் வைத்து, விளக்கும் ஃபேனும் ஓடும்போது அளந்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். ஃபேன் மோட்டாரின் எர்த்தை ரேடியேட்டரில் தருவது கூடவே கூடாது.

எந்த ரேடியேட்டரானாலும் சுற்றியிருக்கும் தகட்டுக்கும் பானெட்டுக்கும் நடுவில் இருக்கும் நுரைப் பட்டை அதோடு வர வேண்டும். பெயின்ட் அடித்தபோது கழற்றிய பட்டை திரும்பப் போடப்படாத கார்கள் ஏராளம். காற்று எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். துடுப்புகளுக்குள் நுழைவதைவிடப் பக்கவாட்டில் நழுவுவது அதற்கு எளிது. சில மீட்டர் நுரைப் பட்டைக்கு ஆகும் செலவில் இதைவிட அதிகம் திருப்பித் தரும் பாகம் இந்தக் காரில் இல்லை.

ஃபேன்

நெரிசலில் மட்டும் சூடேறும் காருக்கு இங்கேதான் முடிவு. தொடக்க கால எம்ஜிபியில் மூன்று இறக்கை இரும்பு ஃபேன். பின்னாளில் ஆறு இறக்கை, பிறகு ஏழு இறக்கை பிளாஸ்டிக். மூன்றிலிருந்து ஆறுக்கோ ஏழுக்கோ மாறுவதற்கு ஒயரிங் வேண்டாம், சுவிட்ச் வேண்டாம். வாட்டர் பம்ப் புல்லியின் போல்ட்டுகளோடு வேலை முடிந்தது. சத்தம் கொஞ்சம் கூடும். பழைய இரும்பு ஃபேனின் இறக்கை அடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டே மாட்ட வேண்டும். 4000 சுற்றில் பிய்ந்த இறக்கை ரேடியேட்டரையும் பானெட்டையும் கிழித்துக்கொண்டு போகும். ஃபேனை முன்பின்னாக மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் போகும், ஆனால் அளவு வெகுவாகக் குறையும். வளைவின் குழிந்த பக்கம் எங்கே நோக்குகிறது என்று கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரிக் ஃபேனின் பலம், இன்ஜின் 800 சுற்றில் முணுமுணுக்கும்போதும் முழு வேகத்தில் சுற்றுவது. தொழிற்சாலையே 1977 மாடலிலிருந்து ரேடியேட்டரை முன்னே நகர்த்தி எலெக்ட்ரிக் ஃபேனுக்கு மாறியது. அதனால் இது பிற்காலத்தவர் கண்டுபிடித்த வேலை அல்ல. ஆனால் பழைய காரில் மாட்டும்போது ஒரு கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

1967 வரையிலான கார்களில் ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோ. லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் தருவது 22 ஆம்பியர். ஐடிலிங்கில் அது சார்ஜே செய்யாது. 12 அங்குல ஃபேன் ஒன்று 8 முதல் 10 ஆம்பியர் குடிக்கும், கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். இரவில், மழையில், நெரிசலில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஃபேனும் சேர்ந்து ஓடும்போது எல்லாச் சுமையும் பேட்டரியின் தலையில். ஃபேன் எப்போது மிகவும் தேவையோ அப்போதுதான் டைனமோ கைவிடுகிறது. ஆகவே டைனமோ காருக்கு ஆறு இறக்கை ஃபேனே நம் தேர்வு. எலெக்ட்ரிக் வேண்டுமென்றால் முதலில் ஆல்டர்னேட்டர். 1967-க்குப் பின் வந்த 16ஏசி ஆல்டர்னேட்டரின் 34 ஆம்பியர் ஒரு ஃபேனுக்குப் போதும்.

அந்தப் பழைய கார்கள் பாசிட்டிவ் எர்த் வேறு, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய ஃபேனை அப்படியே இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றி, வரும் காற்றை எதிர்த்துத் தள்ளும். ஒயர் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் உள்ளே ஒட்ட வேண்டும்.

ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து இழுக்கும் ஃபேன், முன்னால் இருந்து தள்ளும் ஃபேனைவிட நல்லது. ஓட்டக் காற்றை மறைக்காது. ஆனால் நாலு சிலிண்டர் குரோம் பம்பர் காரில் பம்ப் புல்லிக்கும் கோருக்கும் நடுவில் இடம் குறுகல். அளந்து பார்த்தபின் வாங்குங்கள். இடமில்லாமல் முன்னால் போட்டால் இறக்கைகள் மெலிந்த, நடு மோட்டார் சிறிய ஃபேனாகத் தேர்ந்தெடுங்கள். கோரின் ஊடே பிளாஸ்டிக் ஊசி நுழைத்துக் கட்டும் முறை வேண்டாம். அதிர்வில் அது குழாயைத் தேய்த்து ஒரு நாள் துளைக்கும். கோரின் சட்டத்தில் பிடிக்கும் பிராக்கெட்தான் சரி.

சுவிட்ச் எங்கே வைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட் இருக்கும் காரில் ஃபேன் 80-இல் கிளம்பும்படி வைத்தால் அது நிற்கவே நிற்காது. மேல் ஹோஸில் என்றால் 92 முதல் 95 டிகிரியில் கிளம்பி 85 வாக்கில் நிற்பது பொருத்தம். ஹோஸுக்கும் கழுத்துக்கும் நடுவில் மெல்லிய குழாயைச் செருகும் சுவிட்சுகள் அந்த இடத்தில் ஒழுகும் பழக்கம் உள்ளவை. ஹோஸை வெட்டி நடுவில் வைக்கும் உலோக இணைப்பான் நம்பகம். அது ரப்பருக்கு நடுவில் மிதப்பதால் அதற்குத் தனி எர்த் ஒயர் தேவை. மின்சாரம் ரிலே வழியாக, 20 ஆம்பியர் ஃபியூஸோடு, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் போகட்டும். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் சீட்டுக்குப் பின்னால் இருப்பதால், முன்பக்கத்தில் ஸ்டார்ட்டர் சாலினாய்டின் பேட்டரி முனையிலிருந்து எடுப்பது சுருக்கமான வழி. டாஷ்போர்டில் கையால் போடும் சுவிட்ச் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். தானியங்கிச் சுவிட்ச் கைவிடும் நாள் நிச்சயம் நெரிசலில்தான் வரும்.

தெர்மோஸ்டாட், கூலன்ட்

இரண்டையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சூட்டைக் குறைக்கும் வேலையில் இவற்றின் பங்கு விளம்பரம் சொல்வதைவிடச் சிறியது.

எம்ஜிபிக்கு 74, 82, 88 டிகிரி என மூன்று தெர்மோஸ்டாட் கிடைக்கும். வெப்ப நாடுகளுக்கு 74 என்றுதான் கையேட்டிலும் இருக்கிறது. அது வால்வ் திறக்கும் வெப்பம் மட்டுமே. 95 டிகிரியில் தவிக்கும் காரில் 74-உம் 82-உம் இரண்டுமே முழுக்கத் திறந்துதான் கிடக்கின்றன. அதற்கு மேல் ரேடியேட்டர்தான் பேச வேண்டும். 74 போட்டால் நெரிசலில் நுழையும்போது 8 டிகிரி முன்கூட்டிய ஓய்வு கிடைக்கும், அவ்வளவே. குளிர் நாட்டில் எண்ணெய் சூடாகாமல் கசடு சேரும் விலையும் உண்டு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது கூடாது. தடையில்லாமல் ஓடும் தண்ணீர் ஹெட்டின் பின் மூலையை விட்டுவிட்டுச் சுலபமான வழியில் போய்விடும். புதியதை மாட்டும் முன் பாத்திரத்தில் தண்ணீரோடு சூடாக்கி, எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று சமையல் வெப்பமானியோடு பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையே நம்ப வேண்டாம்.

கூலன்ட்டில் தண்ணீரைவிட நன்றாகச் சூட்டைச் சுமக்கும் திரவம் இல்லை. பாதிக்குப் பாதி கிளைக்கால் (உறையாமல் காக்கும் திரவம்) கலந்தால் சுமக்கும் திறன் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. பனி உறையும் ஊரில் 50 சதவீதம் தேவை, அது கழித்தல் 36 டிகிரி வரை காக்கும். சிறு பனி மட்டும் உள்ள ஊரில் 33 சதவீதம் போதும், கழித்தல் 18 வரை. பனியே இல்லாத ஊரில் காய்ச்சி வடித்த தண்ணீரோடு துரு தடுப்பு மட்டும் போதும். துரு தடுப்பே இல்லாத குழாய்த் தண்ணீர்தான் முன்னே சொன்ன பின்மூலைச் சேற்றின் தாய். பித்தளையும் ஈயமும் உள்ள பழைய ரேடியேட்டருக்கு நீல அல்லது பச்சை நிறத்தில் வரும் பழைய வகை, சிலிக்கேட் கலந்த கூலன்ட்டைப் பயன்படுத்தி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். நிறம் மட்டும் சான்றல்ல, டப்பாவில் இந்தப் பழைய வகையைக் குறிக்கும் 'ஐ.ஏ.டி.' என்று இருக்கிறதா பாருங்கள். கரிம அமிலத் துரு தடுப்பு கலந்த, நீண்ட ஆயுள் ஓ.ஏ.டி. வகையை ஈயப் பற்றவைப்புள்ள பழைய காரில் தவிர்ப்பது பாதுகாப்பு.

தண்ணீரில்லாக் கூலன்ட், ஈவன்ஸ் போன்றது, 180 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். அழுத்தமே இல்லாமல் ஓடலாம், இரும்பு துருப்பிடிக்காது. மாதக்கணக்கில் நிற்கும் காட்சி வண்டிக்கு அருமை. ஆனால் தண்ணீரைவிடக் குறைவாகச் சூட்டைச் சுமக்கும், பிசுபிசுப்பும் அதிகம். ஆகவே இன்ஜின் முன்பைவிடச் சற்றுச் சூடாகத்தான் ஓடும், ஆவி மட்டும் வராது. ஆவி வராததால் சூடு தெரியாமல் போய் ஹெட் வெந்துவிடும் அபாயமும் இருக்கிறது. ஊற்றும் முன் உள்ளே ஈரம் 3 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், அதற்கென ஒரு சுத்திகரிப்புத் திரவம் தனியே வாங்க வேண்டும். வழியில் ஹோஸ் வெடித்தால் பெட்ரோல் பங்கில் தண்ணீர் ஊற்றி வீடு சேரலாம், ஆனால் அதோடு அந்த விலை உயர்ந்த கூலன்ட் போயிற்று. சூடேறும் காருக்கு இது தீர்வல்ல.

சூடு போலத் தெரியும் வேறு ஒன்று

நெரிசலில் இன்ஜின் திக்கித் திணறி நிற்கிறது, கிளப்பினால் கிளம்ப மறுக்கிறது, பத்து நிமிடம் கழித்துக் கிளம்புகிறது, ஆனால் மீட்டரில் ஊசி 'என்'னிலேயே நிற்கிறது. இது தண்ணீரின் குறை அல்ல. பெரும்பாலான எம்ஜிபிகளில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் வந்த ஈ10 போன்ற எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் எளிதாக நடக்கும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலுள்ள வெப்பத் தகடு இருக்கிறதா, அதன் பின்பூச்சு உதிர்ந்துவிட்டதா, பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட்டை உரசுகிறதா என்று பாருங்கள். இந்தக் குறைக்கு ரேடியேட்டர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் நிரப்பும் முறை ஒன்றே. காரின் முகத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, ஹீட்டர் வால்வை முழுக்கத் திறந்து, மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டர் வால்வ் ஹெட்டின் பின்புறத்தில் இருப்பதால் அதைத் திறந்தால்தான் பின்மூலைக் காற்று வெளியேறும். ரேடியேட்டர் மூடி இல்லாமல் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டு, மேல் ஹோஸைப் பிசைந்து குமிழ்களை வெளியேற்றி, மட்டம் இறங்கியதும் ஊற்றி மூடுங்கள். ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டி, இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலையில் மூடியைத் திறந்து, எக்ஸ்பான்ஷன் டேங்க் இல்லாத கார் என்றால் கழுத்துக்கு 25 மில்லிமீட்டர் கீழே நிற்கிறதா என்று அளந்து குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.